சாஃப்ட்வேர் புரியவில்லையா? தவறு உங்களுடையது அல்ல!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோருக்கும் ஒரு பயம் இருக்கும். தெரியாமல் எதையாவது அழுத்தி, எதையாவது கெடுத்துவிடுவோமோ என்ற பயம். வேலை செய்து கொண்டிருக்கும்போதே ஸ்கிரீனில் ஒரு பெட்டி வந்து நிற்கும். ஆங்கிலத்தில் ஏதோ கேட்கும். ‘யெஸ்’ அழுத்துவதா, ‘நோ’ அழுத்துவதா, ‘கேன்சல்’ அழுத்துவதா? நம்மில் பலர் அந்த இடத்தில் எழுந்து, பக்கத்தில் இருக்கும் பையனிடம் மவுஸைக் கொடுத்து விடுகிறோம். ‘நமக்கு இதெல்லாம் வராது’ என்று நமக்கு நாமே சொல்லிக் கொள்கிறோம்.

சாஃப்ட்வேர் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். பெரும்பாலான சமயங்களில் தவறு உங்களுடையது அல்ல. அந்த சாஃப்ட்வேரை வடிவமைத்தவர்களுடையது. ஒரு கதவை இழுப்பதா தள்ளுவதா என்று பத்துப் பேரில் எட்டுப் பேர் தடுமாறினால், கைப்பிடி சரியில்லை என்றுதானே சொல்வோம்? கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் நம்மையே குறை சொல்லிக் கொள்கிறோம்.

இந்தத் தடுமாற்றத்தைக் கண்டுபிடித்து நீக்குவதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதன் பெயர் யூசபிலிட்டி எஞ்சினியரிங். தமிழில் பயன்பாட்டு எளிமைப் பொறியியல் எனலாம். அது என்ன, சாஃப்ட்வேர் தயாரிப்பில் அது எந்த இடத்தில் வருகிறது, நம் தமிழுக்கு அது என்ன செய்தது என்று பார்ப்போம்.

யூசபிலிட்டி என்றால் என்ன?

‘பார்க்க அழகாக இருப்பது’ என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. ஐ.எஸ்.ஓ. அமைப்பு 1998ல் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. குறிப்பிட்ட ஒருவர், குறிப்பிட்ட ஒரு வேலையை, குறிப்பிட்ட ஒரு சூழ்நிலையில் செய்யும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

1. வேலை சரியாக முடிந்ததா?
2. அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் ஆயின?
3. செய்தவருக்குத் திருப்தியாக இருந்ததா?

இதில் ‘குறிப்பிட்ட’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘எல்லோருக்கும் எளிதான சாஃப்ட்வேர்’ என்று ஒன்று கிடையாது. யாருக்கு, எந்த வேலைக்கு, எந்த இடத்தில் என்று கேட்டுவிட்டுத்தான் எளிது, கடினம் என்று சொல்ல முடியும். இந்தக் கேள்வியை மறக்காதீர்கள். கட்டுரையின் கடைசி வரை இது நமக்குத் தேவைப்படும்.

‘ஓகே’ பட்டன் வந்த கதை

நீங்கள் அடிக்கடி கிளிக் செய்யும் ‘ஓகே’ பட்டனுக்குப் பின்னால் ஒரு சோதனை இருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் ‘லிசா’ என்ற கம்ப்யூட்டரை 1983ல் வெளியிட்டது. அதைத் தயாரித்துக் கொண்டிருந்தபோது, அந்தப் பட்டனில் ‘டூ இட்’ என்று இரண்டு ஆங்கிலச் சொற்களை எழுதியிருந்தார்கள். ‘இதைச் செய்’ என்று பொருள். சோதித்துப் பார்க்க வெளியாட்களை உட்கார வைத்தபோது, சிலர் அந்தப் பட்டனையே தொடாமல் விட்டார்கள். ஒருவர் எரிச்சலோடு கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. அந்த எழுத்துருவில் பெரிய ‘ஐ’யும் சிறிய ‘எல்’லும் ஒரே மாதிரி இருந்தன. இரண்டு சொற்களும் சேர்ந்து ‘டோல்ட்’ என்று அவர் கண்ணுக்குத் தெரிந்தன. டோல்ட் என்றால் மடையன்! கம்ப்யூட்டர் தன்னைத் திட்டுகிறது என்று நினைத்திருக்கிறார். அதன் பிறகு அந்தப் பட்டனில் ‘ஓகே’ என்று மாற்றினார்கள்.

எழுதியவர்கள் எல்லோரும் கெட்டிக்கார எஞ்சினியர்கள். தினமும் அந்த ஸ்கிரீனைத்தான் பார்த்துக் கொண்டிருந்தார்கள். ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கு முன்பே தெரியும். அதனால் அந்தக் குழப்பம் அவர்கள் கண்ணில் படவே இல்லை. புதியவர் ஒருவர் வந்து பார்க்க வேண்டியிருந்தது.

எப்போது சோதிக்க வேண்டும்?

எங்கள் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடி என்ற ஊர் இருக்கிறது. அங்கே தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்கிறார்கள். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்ட்டைப் பூவுக்கு ஒரு நிறம், ஓரத்துக்கு ஒரு நிறம் என்று ஊற்றுவார்கள். ஈரமாக இருக்கும்போது பூவை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். இறுகிய பிறகு மாற்ற வேண்டுமென்றால் கல்லை உடைக்கத்தான் வேண்டும்.

சாஃப்ட்வேரும் அப்படித்தான். பழைய வழக்கம் என்ன தெரியுமா? என்னென்ன வேண்டும் என்று ஆவணம் எழுதுவார்கள். பிறகு வடிவமைப்பு, பிறகு புரோகிராம், பிறகு பிழை சோதனை. எல்லாம் முடிந்து டெலிவரிக்கு முதல் வாரம், ‘ஸ்கிரீனைக் கொஞ்சம் எளிமையாக்குங்கள்’ என்பார்கள். அப்போது சிமெண்ட் இறுகிவிட்டிருக்கும். நிறத்தை மாற்றலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். வேலை நடக்கும் வரிசையை மாற்ற முடியாது.

ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர்கள் ஜான் கோல்டு, கிளேட்டன் லூயிஸ் இருவரும் 1985ல் இதற்கு மூன்று விதிகள் சொன்னார்கள். முதல் நாளிலிருந்தே பயன்படுத்துபவரையும் அவர் வேலையையும் கவனி. அவரைச் செய்து பார்க்கச் சொல்லி அளந்து பார். திருத்து, மறுபடி சோதி, மறுபடி திருத்து. கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கிறது அல்லவா? ஆனால் இன்றும் பல இடங்களில் இந்த மூன்றும் நடப்பதில்லை.

நடந்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 95ஐத் தயாரித்தபோது 560 பேரை வைத்து 64 சுற்றுகள் சோதனை நடத்தியது. புதியவர்களுக்கு மட்டும் தனியாக ஓர் எளிய ஸ்கிரீன் கொடுக்கலாம் என்ற யோசனை முதலில் இருந்தது. சோதனைகளுக்குப் பிறகு அதைக் கைவிட்டு, எல்லோருக்கும் ஒரே ஸ்கிரீனை எளிமையாக்கினார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியாமல் புதியவர்கள் திகைத்ததைப் பார்த்துத்தான் ‘ஸ்டார்ட்’ பட்டன் பிறந்தது. தடிமனான ஆவணத்தை ஒவ்வொரு முறையும் திருத்துவதைக் கூட விட்டுவிட்டார்கள். ஓடிக் கொண்டிருக்கும் மாதிரியே ஆவணம் என்று வைத்துக் கொண்டார்கள்.

ஒரு பாத்திரக் கடை பில்

பெரிய நிறுவனத்துக்குத்தான் இதெல்லாம் முடியும் என்று நினைக்க வேண்டாம். காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடைக்கு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பில் போடும் சாஃப்ட்வேர் எழுதினோம். அதில் செய்ததைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு நாள் கம்ப்யூட்டரையே திறக்கவில்லை. கணக்கர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பார்த்ததை எல்லாம் எழுதிக் கொண்டோம். சில பாத்திரங்கள் எடைக்கு, சில எண்ணிக்கைக்கு. பழைய பித்தளையைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குபவர்கள் உண்டு. அப்போது பில்லில் கழிக்க ஒரு வரி வேண்டும். கல்யாணச் சாமான் எடுக்க வருபவர்கள் இன்று பாதி எடுத்து வைத்துவிட்டு, நாளைக்கு ஆச்சியை அழைத்து வந்து மீதியை எடுப்பார்கள். அதுவரை அந்த பில் திறந்தே இருக்க வேண்டும். நடுவில் வேறு ஆள் ஒரு டம்ளர் வாங்க வந்தால் அவருக்குத் தனி பில் போட வேண்டும். இதில் ஒன்றைக் கூட ஏ.சி. அறையில் உட்கார்ந்து கொண்டு யூகித்திருக்க முடியாது.

மூன்றாவது நாள், ஸ்கிரீன்களைப் பென்சிலால் பேப்பரில் வரைந்தோம். ஒரு பேப்பர், ஒரு ஸ்கிரீன். கணக்கரிடம் கொடுத்து, ‘ஐயா, இரண்டு கிலோ பித்தளைக்கு பில் போடுங்கள்’ என்றோம். அவர் விரலால் தொடுவார். அடுத்த பேப்பரை நாங்கள் எடுத்து வைப்போம். விளையாட்டுப் போல இருக்கும். ஆனால் ஒரு மணி நேரத்தில் நான்கு விஷயங்கள் தெரிந்தன.

முதலாவது, ‘சேமி’ என்ற பட்டன். கணக்கர் அதைத் தொடவே இல்லை. “எதைத் தம்பி சேமிக்கிறது? இது பேங்க் கணக்கா?” என்று கேட்டார். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு அது ‘சேவ்’ என்பதன் தமிழ். அவருக்குச் சேமிப்பு என்றால் பணம். பட்டனில் ‘பில் முடிந்தது’ என்று எழுதினோம். பிறகு அவர் தயங்கவில்லை.

இரண்டாவது, என்டர் கீ. கால்குலேட்டரில் பழகியவர், ஓர் எண்ணைப் போட்டதும் பெரிய பட்டனைத்தான் தேடுகிறார். எனவே என்டரைத் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும்படி வைத்தோம்.

மூன்றாவது, வாடிக்கையாளர் பெயர். முன் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும் படிவங்கள் எங்கும் இருக்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல்தான் உண்டு. செட்டிநாட்டில் மூன்று, நான்கு இனிஷியல் வைத்திருப்பவர்கள் சாதாரணம். ஊர்க்காரர்கள் இனிஷியலைச் சொல்லித்தான் வீட்டையே அடையாளம் காட்டுவார்கள். எனவே ஒரே கட்டம், எவ்வளவு நீளமும் எழுதலாம் என்று வைத்தோம்.

நான்காவது, இலட்சம். கம்ப்யூட்டர் மேல்நாட்டு முறையில் மூன்று மூன்று இலக்கமாகக் கமா போடும். கணக்கர் அதைப் படிக்க ஒரு நொடி நின்றார். 1,00,000 என்று மாற்றினோம்.

இந்த நான்கையும் மாற்ற ஆன செலவு ஒரு ரப்பர். புரோகிராம் எழுதி முடித்த பிறகு தெரிந்திருந்தால் பல நாள் வேலை.

எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது?

ஐந்து பேர் போதும். டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன் 1993ல் ‘யூசபிலிட்டி எஞ்சினியரிங்’ என்ற பெயரிலேயே புத்தகம் எழுதியவர். அவரும் தாமஸ் லாண்டவரும் அதே ஆண்டு ஒரு கணக்கைச் சொன்னார்கள். அவர்கள் ஆராய்ந்த சாஃப்ட்வேர்களில், ஒருவரை உட்கார வைத்தால் இருக்கும் குறைகளில் சராசரியாக 31 சதவீதம் தெரிந்தது. இரண்டாவது ஆள் அதே குறைகளில் சிலவற்றையும் புதிதாகச் சிலவற்றையும் காட்டுவார். இப்படியே ஐந்து பேர் முடிவதற்குள் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். எனவே 15 பேரை ஒரே தடவை கூப்பிடுவதைவிட, ஐந்து ஐந்து பேராக மூன்று முறை கூப்பிட்டு, ஒவ்வொரு முறையும் திருத்துவது நல்லது. ஐந்து பேரும் அந்த வேலையைச் செய்யும் ஆட்களாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பில் போடாத நண்பர்கள் ஐம்பது பேரை உட்கார வைத்தாலும் பயனில்லை.

நம் விரல் நுனியில் ஓர் உதாரணம்

இனி தமிழுக்கு வருவோம். 1990களில் தமிழில் டைப் செய்ய ஏராளமான சாஃப்ட்வேர்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் எழுத்துக்கள் ஒவ்வோர் இடத்தில் இருந்தன. ஒன்றில் பழகியவர் அடுத்த சாஃப்ட்வேரில் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் இது விவாதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் தமிழக அரசு தமிழ் 99 என்ற விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது.

அதன் அமைப்பைப் பாருங்கள். தமிழில் 247 எழுத்துக்கள். ஆனால் 12 உயிர், 18 மெய், 1 ஆய்தம் ஆகிய 31 இருந்தால் எல்லாவற்றையும் எழுதிவிடலாம். எனவே 31 கீகள் போதும். தமிழ் எழுத்துக்கு ஷிஃப்ட் கீயே வேண்டாம். கிரந்த எழுத்துக்களுக்கு மட்டும்தான் அது. உயிர் எல்லாம் இடது கைப் பக்கம். வ, ங இரண்டைத் தவிர மெய் எல்லாம் வலது கைப் பக்கம். உயிர்மெய்யில் முதலில் மெய், பிறகு உயிர் வருவதால், வலது கை, இடது கை என்று மாறி மாறி வேலை செய்கின்றன. ஒரு கை களைப்பதில்லை.

விரல்கள் ஓய்வாக இருக்கும் நடு வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, ஃ, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. அ, இ, உ, எ நான்குக்கும் நேர் மேல் வரிசையில் ஆ, ஈ, ஊ, ஏ. குறிலைத் தெரிந்து கொண்டால் நெடிலைத் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று புள்ளி. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என்று தட்டினால் ‘அம்மா’. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற போன்ற இன எழுத்துக்களுக்கும் அப்படியே. ப, ந, த, உ என்றால் ‘பந்து’. மற்ற இடங்களில் ஃ கீயைத் தட்டினால் புள்ளி. ‘மமதை’ போலப் புள்ளி வேண்டாத இடத்தில் நடுவில் ‘அ’வைத் தட்டினால் போதும்.

தமிழ்ச் சொற்களில் எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்ற பழக்கத்தைக் கீபோர்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். யூசபிலிட்டி என்பது இதுதான். மனிதன் கம்ப்யூட்டருக்காக வளையவில்லை. கம்ப்யூட்டர் மொழிக்காக வளைந்திருக்கிறது.

‘காரைக்குடி’ என்று எழுதிப் பாருங்கள். தமிழ் 99ல் க, ஆ, ர, ஐ, க, க, உ, ட, இ என 9 தட்டுகள். அதையே ஆங்கில ஒலிப்பில் எழுதினால் 11 தட்டுகள்.

அப்படியானால் எல்லோரும் இதை ஏன் பயன்படுத்தவில்லை?

நல்ல கேள்வி. இன்றும் பலர் ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தமிழை வரவழைக்கிறார்கள். ஆங்கிலக் கீபோர்டு தெரிந்தவருக்கு அது முதல் நிமிடத்திலேயே வந்துவிடுகிறது. தமிழ் 99க்குச் சில நாள் பழக வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் ஹையர் பாஸ் செய்தவருக்கோ பழைய தட்டச்சு முறைதான் எளிது. விரல்கள் அதிலேயே ஊறிவிட்டன. மூவரும் சொல்வது அவரவர் அளவில் உண்மைதான். ‘யாருக்கு, எந்த வேலைக்கு’ என்ற கேள்வியை நினைவில் வைத்திருக்கிறீர்கள் அல்லவா?

ஆனால் நான்காவதாக ஒருவர் இருக்கிறார். தமிழ் மட்டும் தெரிந்தவர். நம் அப்பத்தா, கடைக் கணக்கர், ஊராட்சிப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கும் குழந்தை. ‘அம்மா’ என்று எழுத முதலில் ஆங்கில எழுத்துக்களைக் கற்றுக் கொள் என்று அவர்களிடம் சொல்வது என்ன நியாயம்? தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டிய ஊர் எங்கள் ஊர். அந்தத் தமிழை எழுத இன்னொரு மொழியின் வழியாகப் போக வேண்டும் என்றால் அது எப்படி எளிமையாகும்? சாஃப்ட்வேர் சோதனைக்கு ஆங்கிலம் தெரிந்தவர்களையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டால், இந்த நான்காம் ஆளின் தடுமாற்றம் யார் கண்ணிலும் படாது. அவர் மவுஸைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு எழுந்து போவார். தனக்கு வராது என்றே நினைத்துக் கொள்வார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், தடுமாறும் இடத்தில் வெட்கப்படாதீர்கள். என்ன செய்ய நினைத்தீர்கள், எதை அழுத்தினீர்கள், என்ன வந்தது என்று மூன்று வரி எழுதி வையுங்கள். சாஃப்ட்வேர் எழுதியவருக்கு அதை அனுப்புங்கள். ‘நன்றாக இல்லை’ என்று எழுதுவதைவிட இந்த மூன்று வரிகள் எங்களுக்குப் பெரிய உதவி.

இரண்டாவது, உங்கள் கடைக்கோ அலுவலகத்துக்கோ யாராவது சாஃப்ட்வேர் செய்து தருவதாகச் சொன்னால், பணம் பேசும் முன் ஒன்று கேளுங்கள். “எங்கள் ஆட்களை வைத்து எப்போது சோதிப்பீர்கள்?” என்று. ‘எல்லாம் முடிந்த பிறகு’ என்று பதில் வந்தால், முதல் வாரமே பேப்பரில் வரைந்து காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தமிழ் 99ஐப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, மொழிகள் பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் கீபோர்டு பட்டியலில் தமிழ் 99ஐத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். செல்போனில் என்றால் செல்லினம் செயலியில் தமிழ் 99 இருக்கிறது. எந்த சாஃப்ட்வேரானாலும் அ, ம, ம, ஆ என்று தட்டி, புள்ளி தானாக விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் தமிழ் 99ன் சிறப்பில் பாதி அதில் இல்லை என்று அர்த்தம். உடனே அந்த மூன்று வரிகளை எழுதி அனுப்புங்கள்.

தினம் அரை மணி நேரம், ஒரு வாரம் பழகுங்கள். பிறகு வீட்டில் ஆங்கிலம் தெரியாத பெரியவர் ஒருவரை உங்கள் நாற்காலியில் உட்கார வைத்து, அவர் பெயரை அவரையே எழுதச் சொல்லுங்கள். எந்த இடத்தில் விரல் நிற்கிறது என்று பக்கத்தில் இருந்து கவனியுங்கள். மவுஸை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.